பரணில் உறங்கும் வீடியோ விளையாட்டுகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பழம்பொருள்களைச் சேர்த்து வைப்பதில் மனிதனுக்குள்ள ஆர்வம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தபால் தலை சேர்ப்போர் உண்டு; பழைய நாணயம் சேர்ப்போர் உண்டு; தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. இவ்வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பவை பழைய வீடியோ கேம்கள். "விளையாட்டுச் சாமானைக்கூடவா சேர்த்து வைப்பார்கள்?" என்று நம் பாட்டிமார் கேட்கக்கூடும். ஆம், சேர்த்து வைக்கிறார்கள்! அதுவும் சிறுவர்கள் அல்லர். தலை நரைத்த பெரியவர்கள் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, தூசு துடைத்துக் காத்து வருகிறார்கள். கையிலிருக்கும் செல்போனிலேயே இவற்றைவிட எத்தனையோ மடங்கு அழகான விளையாட்டுகள் இலவசமாகக் கிடைக்கும்போது, இந்தப் பழைய பெட்டிகளின் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை பற்று? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாம் அறிந்துகொண்டவற்றைத் தோழியரோடு இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சிறிது வரலாறு. வீட்டு டி.வி.யோடு இணைத்து விளையாடும் முதல் கருவி 'மேக்னவாக்ஸ் ஒடிஸி' என்பது. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இதற்கு மூலகாரணர் ரால்ஃப் பேர் என்னும் பொறியாளர். அவர் முதன்முதலில் செய்து பார்த்த மாதிரிக் கருவி, 'பழுப்புப் பெட்டி' என்னும் பெயரோடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றுள்ளது. பின்னர் 1976இல், ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் 'ஃபேர்சைல்டு சானல் எஃப்' என்ற கருவி உருவாயிற்று. விளையாட்டைத் தனிச் சில்லில் பதித்து, வேண்டும்போது செருகவும் கழற்றவும் வழி செய்தது இக்கருவியே. செருகிக் கழற்றும் அந்தப் பெட்டியைத்தான் நம் ஊரில் 'கேசட்' என்றார்கள். பாட்டுக் கேசட்டில் இருப்பது போன்ற நாடா இதற்குள் கிடையாது. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது! 1977இல் அட்டாரி வந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. அதைச் சுருக்கி 'ஃபேமிகாம்' என்பார்கள். நம் பெற்றோர் விளையாடியவற்றுள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கேரல் ஷா என்பவர் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளை உருவாக்கிய முதல் பெண்களுள் ஒருவர். அவர் 1982இல் ஆக்டிவிஷன் நிறுவனத்திற்காக 'ரிவர் ரெய்டு' என்னும் விளையாட்டை எழுதினார். ஆற்றின் மீது விமானம் பறந்து செல்லும். எதிரிகளையும் சமாளிக்க வேண்டும், எரிபொருள் தீராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதிய அட்டாரி கருவியில் தற்காலிக நினைவகம் எவ்வளவு தெரியுமா? 128 பைட் மட்டுமே! நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வரியைக்கூட அதில் முழுமையாக அடக்க முடியாது. அத்தனை சிறிய இடத்தில் ஓர் ஆற்றையே ஓட விட்டார் அவர்.

அந்த நிறுவனம் அந்நாளில் ஒரு வழக்கம் வைத்திருந்தது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள், டி.வி. திரையைப் புகைப்படமெடுத்துத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் ஒன்று வீட்டுக்கு வந்து சேரும். அதற்கு யாரேனும் காமிராவில் ஃபிலிம் போட்டு, படமெடுத்து, கழுவி, அஞ்சலில் சேர்க்க வேண்டும். பிள்ளை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்க, பின்னால் அப்பாவோ அம்மாவோ காமிராவும் கையுமாக நின்ற வீடுகள் எத்தனை இருந்திருக்கும்! பழைய கேசட்டோடு அந்தத் துணிச் சின்னத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களை நாம் விளங்கிக்கொள்ள முடிகிறது. சின்னம் கிடைத்த அந்த நாளையல்லவா அவர்கள் பத்திரப்படுத்துகிறார்கள்?

இனி விலைக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற விளையாட்டின் கேசட் ஒன்று 8,70,000 டாலருக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று 15,60,000 டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்றை 20,00,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். இவற்றிற்கு ஏன் இந்த விலை? கடையில் வைத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதே காரணம். பிரித்து விளையாடிய அதே செல்டாவையோ அதே மரியோவையோ சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். பின்புறத்தில் யாராவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அந்த விலையும் குறைந்துவிடும். அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத விளையாட்டுக்கே சந்தையில் மதிப்பு அதிகம்! எமக்கு இது சற்று வேடிக்கையாகவே படுகிறது. தம்பியின் பெயர் கோணல் எழுத்தில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு கேசட்டை விற்க மறுப்பவரும், உறை கிழியாததற்காக இலட்சக்கணக்கில் கொடுப்பவரும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பெயர் கேசட்டின் வெளியே மட்டும் இருப்பதில்லை, உள்ளேயும் இருக்கும். இதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் வந்த கேசட்டுகளில் மின்சாரத்தை நிறுத்தினால் விளையாடியதெல்லாம் போய்விடும். 1987இல் அமெரிக்காவில் வெளியான 'செல்டா' கேசட் இக்குறையைப் போக்கியது. அதில் மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு எழுத்துக்குள் ஒரு பெயரைப் பதித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பெயர்கள். நான்காவது பிள்ளை இருந்தால் சண்டை! நிறுத்தும்போது 'ரீசெட்' பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே மற்ற கையால் சுவிட்சை அணைக்க வேண்டும். மறந்தால் பதிவு கெட்டுப் போகலாம்.

இது எப்படி நடக்கிறது? கேசட்டுக்குள் இரண்டு வகை நினைவகங்கள் இருக்கின்றன. ஒன்று, அச்சிட்ட பாடநூல் போன்றது. விளையாட்டு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அழியாது. மற்றொன்று, சிலேட்டுப் பலகை போன்றது. நம் பெயரும், நாம் எட்டிய இடமும் அதில் எழுதப்படுகின்றன. ஆனால் இந்தச் சிலேட்டு விசித்திரமானது. இடைவிடாமல் சிறிதளவு மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால்தான் எழுத்து நிற்கும். அதற்காகக் கேசட்டுக்குள்ளேயே வாட்ச் கடையில் கிடைப்பது போன்ற பட்டன் செல் ஒன்றைப் பற்றவைத்து மூடிவிட்டார்கள். அந்தச் செல் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைத்ததுண்டு. என்றாலும் ஒரு நாள் அது தீர்ந்தே ஆக வேண்டும். 1999இல் ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான் கோல்ட்', 'சில்வர்' கேசட்டுகளில் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்ததால் செல் இன்னும் விரைவாகத் தீர்ந்தது. தீர்ந்தால் என்ன ஆகும்? விளையாட்டு ஒன்றும் ஆகாது. புதிது போலவே ஓடும். பெயர்கள்தாம் போய்விடும். வேறொரு கேசட் வாங்கினாலும் அவை திரும்பி வரா. பழைய விளையாட்டைப் பேணுவோர் உண்மையில் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பது இங்கேதான் நமக்குப் புலப்பட்டது.

2014ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று உலகெங்கும் பலரைக் கண்கலங்க வைத்தது. அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது அவருடைய தந்தை ஒரு எக்ஸ்பாக்ஸ் வாங்கினாராம். தந்தையும் மகனும் சேர்ந்து விளையாடி மகிழ்ந்தார்கள். மகனுக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். பத்தாண்டுகள் அந்தப் பெட்டியைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்து, இருவரும் விளையாடிய 'ராலிஸ்போர்ட் சேலஞ்ச்' என்ற கார்ப் பந்தய விளையாட்டை ஓட்டினார். இத்தகைய விளையாட்டுகளில் ஒரு வசதி உண்டு. ஒரு பாதையில் மிக விரைவாக ஓட்டியவரின் ஓட்டம் அப்படியே பதிவாகி, அடுத்து ஓட்டுபவருக்கு முன்னால் நிழல் போன்ற ஒரு கார் ஓடும். 'கோஸ்ட்' என்று அதற்குப் பெயர். அன்று அவருக்கு முன்னால் ஓடிய நிழல் கார் அவருடைய தந்தை ஓட்டியது! எந்த வளைவில் எப்படித் திருப்பினாரோ அப்படியே திரும்பிற்று. மகன் நாள்தோறும் ஓட்டிப் பழகி, ஒரு நாள் அதனை நெருங்கி, முந்தியும் விட்டார். ஆனால் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினால் பழைய பதிவு அழிந்து, புதிய பதிவு அமர்ந்துவிடும். ஆகவே கோட்டுக்குச் சற்று முன்னால் காரை நிறுத்திவிட்டாராம்.

இதைப் படித்தபின் வகுப்பில் நாங்கள் சிறிது நேரம் பேசவில்லை.

பழைய விளையாட்டுகளை வேறொரு காரணத்திற்காகவும் சிலர் காத்து வருகிறார்கள். 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஆராய்ந்து கூறியது. நூலாக இருந்தால் நூலகத்தில் தேடலாம். இவற்றிற்கு அந்த வசதியும் குறைவு. இணையக் கடையில் வாங்குவதும் உறுதியானதன்று. நின்டெண்டோ நிறுவனம் தன் இரண்டு கருவிகளுக்கான இணையக் கடையின் விற்பனையை 2023ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் 'தி ஸ்ட்ராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. கேரல் ஷா தம் பழைய தாள்களையும் பொருள்களையும் 2017இல் அங்கேதான் கொடுத்தார். அருங்காட்சியகம் விளையாட்டைக் காக்கும். ஆனால் உன் அத்தையின் மதிப்பெண்ணை அது எப்படிக் காக்கும்? அது வீட்டில் இருப்பவர்கள் வேலை.

அத்தை என்றதும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் அவர்கள் வேறு வீட்டுக்குக் குடி போனார்கள். சாமான் கட்ட உதவிக்குப் போன எங்களுக்குப் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு வீடியோ கேம் செட். அவளுடைய தாத்தா 1994இல் சென்னை பர்மா பஜாரில் வாங்கியது. ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவான நகல் அது. அக்காலத்தில் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்தவை இத்தகைய நகல்களே. கூடவே பதினொரு கேசட்டுகள். மஞ்சள் நிறக் கேசட் ஒன்றில் '9999 விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுதான் தேறும். மற்றவையெல்லாம் அதே விளையாட்டுகள் வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருபவை! பழைய பேப்பர்காரர் செட்டையும் கேசட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடைக்குத்தான் எடுக்க முடியும் என்றார்.

பெட்டியின் அடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்த மலிவுக் கேசட்டுகளில் பெயரோ மதிப்பெண்ணோ சேமிக்கும் வசதி இல்லை. ஆகவே யார் அதிகம் எடுத்தது என்று தோழியின் அப்பாவும் அத்தையும் சித்தப்பாவும் ஓயாமல் சண்டை போட, தாத்தா கடை நோட்டு ஒன்றை எடுத்து மூன்று பத்தி போட்டுவிட்டார். தேதி, விளையாட்டின் பெயர், மூவரின் மதிப்பெண் என்று எல்லாம் கடைக் கணக்குப் போலவே இருந்தது. 'ரோட் ஃபைட்டர்', 'பலூன் ஃபைட்' என்ற பெயர்கள் அவர் காதில் விழுந்த வண்ணம் தமிழில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை! கார்ப் பந்தயத்தையும் பலூன் விளையாட்டையும் சேர்த்துக் கூட்டி என்ன பயன் என்று கேட்டு நாங்கள் சிரித்தோம். ஓரிடத்தில், "கரண்ட் போய்விட்டது. கணக்கில் சேராது" என்று எழுதிக் கீழே கோடிட்டிருந்தார். இன்னொரு பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தி இருந்தது. தலைப்பு "நான்" என்பது. அதன் கீழே 200 என்ற ஒரே எண். அதற்குப் பிறகு அவர் விளையாடியதாகத் தெரியவில்லை.

தாத்தா 2016இல் காலமானார். கடையை மூடியபோது கணக்கு நோட்டுகள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. அவர் கையெழுத்து அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது இது ஒன்றில்தான் என்று தோழியின் அப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். லாரி வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை. "செட்டு வேணும்னா போகட்டும்மா. இது போகக் கூடாது" என்றார். "இல்லப்பா, ரெண்டும் சேர்ந்துதான் இருக்கணும். செட்டு இல்லாட்டி இது எதோட கணக்குன்னு பின்னால யாருக்குத் தெரியும்?" என்று தோழி சொன்னாள். அவள் சொன்னது சரியென்றே எமக்கும் பட்டது. அத்தைக்கு ஒவ்வொரு பக்கமும் செல்போனில் படமெடுத்து அனுப்பப்பட்டது. 1995ஆம் ஆண்டு மே மாதத்துப் பக்கத்தில் தம்முடைய மதிப்பெண்ணில் ஒரு சைபர் குறைந்திருப்பதாக அத்தையிடமிருந்து உடனே பதில் வந்தது!

புது வீட்டில் செட்டை டி.வி.யில் மாட்டிப் பார்த்தோம். கேசட்டுகள் ஓடின. துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டு மட்டும் நடக்கவில்லை. எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்தும் விழவில்லை. துப்பாக்கி பழுதென்று எண்ணினோம். அன்று, பழுது துப்பாக்கியில் இல்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை; அதன் வாயில் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் கண்ணிமைக்கும் நேரம் திரை முழுவதும் கறுப்பாகும். உடனே வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் கண் முதலில் இருளையும், அடுத்து ஒளியையும் கண்டால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டி.வி. படத்தைத் தாமதமின்றிக் காட்டிவிடும். இன்றைய தட்டை டி.வி. படத்தை வாங்கி, சீர்செய்து, சிறிது பிந்தியே காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய நேரம் கடந்துவிடுகிறது. ஆகவே பழைய விளையாட்டுகளைச் சேர்ப்பவர்கள், யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய கனமான பழைய டி.வி.யையும் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டாரிடம் திட்டு வாங்குகிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

நம் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். பெற்றோர் மன்னிக்க வேண்டும். அதை எடுக்கும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். கைக்கருவிகளில் போட்டு வைத்த பென்சில் செல்களை முதலில் கழற்றிவிட வேண்டும். அவை கசிந்து உள்ளிருக்கும் உலோகத்தை அரித்துவிடும். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவது அக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்த வைத்தியம். அது கூடாது, வாயின் ஈரத்தால் செம்புப் பற்களில் துரு ஏறும். ஊதியபின் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் கழற்றித் திரும்பச் செருகியதே. பட்டன் செல் உள்ள கேசட்டாக இருந்தால், செல்லை மாற்ற அவசரப்பட்டு யாரும் பிடுங்கிவிடக் கூடாது. செல்லைக் கழற்றிய அந்தக் கணமே சிலேட்டு அழிந்துவிடும். கேசட்டில் உள்ளதைக் கணினியில் படியெடுக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. முதலில் படி எடுத்துக்கொண்டு, செல்லை மாற்றியபின் அந்தப் பெயர்களைத் திரும்பவும் கேசட்டில் ஏற்றிவிடலாம்.

பற்களைத் துடைக்கப் பஞ்சும் சிறிது ஸ்பிரிட்டும் போதும். ஸ்பிரிட் பட்டால் பேனா எழுத்தும் அழிந்துவிடும். ஆகவே கேசட்டின் மேல் கிறுக்கியிருப்பதை அழுக்கென்று துடைக்கப் போகுமுன், அது யார் எழுத்து என்று வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளவும்.